மார்த்தாளின் டிசம்பர்

(திருவருகைக் காலத் தொடக்கத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் பிறந்துவிட்டால் இரண்டு விதமான பேச்சு ஒரே வாயிலிருந்து வரும். "பண்டிகை வருது, பிள்ளையெல்லாம் வந்துரும்" என்ற பூரிப்பு ஒன்று. "இந்த இருபத்தஞ்சு எப்பக் கழியும்னு இருக்கு" என்ற அலுப்பு இன்னொன்று. வெளியூரில் இருக்கும் மகனுக்காக வாசலில் நட்சத்திரம் கட்டச் சொல்லும் அதே தாய், அதே நாளில், போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாத ஒருவரை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இந்தக் கலவையான மனநிலைக்கு நாம் வழக்கமாக இரண்டு மருந்து வைத்திருக்கிறோம். துக்கப்படுகிறவரிடம், "நல்ல நாளும் அதுவுமா அழக்கூடாது" என்கிறோம். களைத்துப்போனவரிடம், "வருஷத்துக்கு ஒரு தடவைதானே, பொறுத்துக்கோ" என்கிறோம். இந்த இரண்டு மருந்தும் இடம் மாறிப் போயிருக்கின்றன என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. துக்கமும் மகிழ்ச்சியும் கலந்து வருவது இந்தப் பண்டிகையின் இயல்பு. அதை யாரும் போக்க வேண்டியதில்லை, இடம் கொடுத்தால் போதும். களைப்பும் மனத்தாங்கலும் அப்படிப்பட்டவை அல்ல. அவை வீட்டு வேலையை நாம் பங்கிட்டுக்கொண்டிருக்கும் முறையிலிருந்து வருகின்றன, முறையை மாற்றினால் குறையும். நாமோ முன்னதைப் போக்கப் பார்க்கிறோம், பின்னதைச் சுமக்கச் சொல்கிறோம்.

முதலில் திருச்சபையின் நாட்காட்டியைப் பார்ப்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிற்றில் தொடங்கும் திருவருகைக் காலத்துக்கு ஊதா நிறம் வைத்திருக்கிறார்கள். தவக்காலத்துக்கும் அதே ஊதாதான். கத்தோலிக்க வழிபாட்டில் இந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. மேய்ப்பர்களுக்குத் தூதர்கள் பாடிய பாட்டு அது, எனவே பிறப்பு நாள் வரை அதை நிறுத்தி வைக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறு ஒன்றுக்கு மட்டும் இளஞ்சிவப்பு உடுப்பு, அன்று மகிழலாம் என்ற அனுமதி. ஒரு ஞாயிறுக்குத் தனியாக மகிழ அனுமதி தருகிறார்கள் என்றால், மற்ற ஞாயிறுகளின் குணம் என்னவென்று தெரிகிறது அல்லவா? ஐந்தாம் நூற்றாண்டிலேயே இன்றைய பிரான்சின் தூர் நகரில் நவம்பர் 11ஆம் நாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் சில நாட்கள் நோன்பிருக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. கீழைத் திருச்சபைகளில் 40 நாள் நோன்பு இன்றும் உண்டு. அவ்வளவு தொலைவு போக வேண்டாம், பக்கத்துக் கேரளத்துச் சீரோ மலபார் குடும்பங்கள் டிசம்பர் முதல் நாளிலிருந்து 25 நோன்பு பிடிக்கின்றன, இறைச்சியும் மீனும் அடுப்பேறாது. காத்திருப்பும் குறைத்துக்கொள்வதும் வருந்துவதும் இந்தக் காலத்தின் வேலையாக இருந்தன, விருந்து அதன் முடிவில் வந்தது. இன்றோ டிசம்பர் ஒன்றாம் தேதியே ஒலிபெருக்கி கட்டிக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம். 25ஆம் தேதி மாலைக்குள் எல்லாரும் ஓய்ந்துபோய்ப் படுத்துவிடுகிறோம். பழைய கணக்கின்படி பண்டிகைக் காலம் அன்றுதான் தொடங்குகிறது!

பண்டிகை பிறந்த பிறகும் நாட்காட்டி நம்மை நிம்மதியாக மகிழ விடுவதில்லை. மறுநாளே, டிசம்பர் 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28ஆம் தேதி, ஏரோதின் ஆட்கள் வெட்டிய பெத்லகேம் குழந்தைகளின் நாள். பிறப்புக் கதையிலும் இதே நிலைமைதான். பிரசவத்துக்கு இடம் கிடைக்கவில்லை, பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, ஆலயத்தில் பிள்ளையை ஏந்தி மகிழ்ந்த முதியவர் சிமியோன் தாயைப் பார்த்து உன் நெஞ்சையும் வாள் ஊடுருவும் என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறார். இந்தக் கதையை வைத்துக் கொண்டாடுகிற வீட்டில் ஒருவர் கண்ணைக் கசக்கினால், அவர் கதையைச் சரியாகப் படித்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நம் கடற்கரைக்கு இது புத்தகச் செய்தி மட்டுமல்ல. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் முந்தின நாள் புத்தாடை உடுத்திய பிள்ளைகள் அடுத்த நாள் கூட்டுக் கல்லறைக்குப் போனார்கள். அன்றிலிருந்து அந்த ஊர்களில் 25 திருவிழா, 26 நினைவு நாள். 25ஆம் தேதிக்காக வீட்டைக் கழுவுகிறவர் 26ஆம் தேதிக்காகவும்தான் கழுவுகிறார். 2017இல் ஒக்கிப் புயல் நவம்பர் 29, 30 தேதிகளில் அடித்தது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அந்த ஆண்டு டிசம்பர் 3. கடலுக்குப் போன ஆண்கள் திரும்புவார்களா என்று தெரியாமல் கரையில் நின்ற பெண்களுக்குக் காத்திருப்பின் காலம் எதுவென்று எந்தப் பிரசங்கியாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்பேரிடர்களை விட்டுவிட்டாலும், சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடாமல் இருப்பதும், நட்சத்திரம் கட்டாமல் விடுவதும், உறவினரும் பக்கத்து வீட்டாரும் தங்கள் பலகாரத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பதும் நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். இதைச் சிலர் மூடப்பழக்கம் என்பார்கள், உயிர்ப்பில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது எதற்கு என்பார்கள். என் பார்வையில் இது நல்ல அறிவுள்ள வழக்கம். துக்கத்துக்கு ஒரு கால அளவு தருகிறது. துக்கப்படுகிறவரைச் சமைப்பதிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் ஊரிலிருந்து ஒதுக்குவதில்லை.

அப்படியானால், பண்டிகை மகிழ்ச்சி கலப்பில்லாமல் இருக்க வேண்டும், குடும்பமே சிரித்த முகத்தோடு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து. 1843 டிசம்பரில் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. அதே ஆண்டு ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டார். அதன் நடுவில் கோப்பை உயர்த்தும் ஒரு குடும்பம். 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்து பரவியது. ஊரும் கோயிலும் சேர்ந்து கொண்டாடிய விழா வீட்டுக்குள் வந்து, பெற்றோரும் பிள்ளைகளும் கூடும் விழாவாக மாறிய காலம் அது. இங்கே, மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து குடியேறியது 1841 கடைசியில். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தச் சபைகள் வேரூன்றிய பதிற்றாண்டுகளும், இங்கிலாந்தில் இந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் உருவான பதிற்றாண்டுகளும் ஒன்றே. மிஷன் பங்களாக்கள் வழியாக அந்த வடிவம் இங்கே இறங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே கிறிஸ்தவர்கள், அவர்களுடைய விழா மரபுக்கு வேறு வரலாறு உண்டு. ஆனாலும் இன்று இரு சாராரின் வீட்டுச் சுவரிலும் ஒரே சிரிக்கும் தாத்தாதான் தொங்குகிறார்.

டிக்கன்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் மேல் பழி போட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. அந்தக் கதையில் ஏழைக் குமாஸ்தா கிராச்சிட் வீட்டு விருந்தைப் பாருங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது புட்டிங் வெந்திருக்குமா, உடைந்துவிடுமா என்ற பயத்தில் திருமதி கிராச்சிட் மட்டும் தனியாக எழுந்து போகிறார். அந்தப் பதற்றத்தை வேறொருவர் பார்ப்பதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. புட்டிங் நன்றாக வந்த பிறகுதான், மாவின் அளவில் தமக்குச் சந்தேகம் இருந்ததை ஒப்புக்கொள்கிறார். மகிழ்ச்சியான கிறிஸ்துமஸை உலகுக்கு விற்ற கதையின் நட்டநடுவில், அடுப்படியில் தனியாக நின்று நடுங்கும் ஒரு பெண்! எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. படித்தவர்கள் புட்டிங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இனி அந்த அடுப்படிக்கு வருவோம். நம் ஊர்களில் கிறிஸ்துமஸ் வேலை டிசம்பரில் தொடங்குவதில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் என்பதால் அக்டோபர் கடைசியில் தொடங்குகிறது. நெல்லை எக்ஸ்பிரஸிலோ கன்னியாகுமரி எக்ஸ்பிரஸிலோ சென்னைப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததா என்று காலை எட்டு மணிக்கே விசாரிக்கிறவர் பெரும்பாலும் தாய். பிறகு வெள்ளையடிக்க ஆள் பேச வேண்டும், பரணில் இருக்கிற பித்தளையை இறக்கித் தேய்க்க வேண்டும், தையல்காரரிடம் துணி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். நடுவில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. பெரும்பாலும் அது 23ஆம் தேதி வாக்கில்தான் முடியும், ஆகவே ஒரு கையில் கணக்குப் புத்தகமும் ஒரு கையில் சல்லடையுமாகத்தான் நம் தாய்மார்களின் டிசம்பர் போகிறது. அப்புறம் பலகாரம். முந்திரிக்கொத்து செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முந்திரிப் பருப்போடு சம்பந்தம் கிடையாது. பாசிப்பயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகில் பிசைந்து சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கி மும்மூன்றாக ஒட்டிப் பொரித்தெடுக்க வேண்டும். பாகின் பதம் ஒரு நூல் தவறினால் உருண்டை உதிரும், அல்லது பல்லை உடைக்கும். அச்சு முறுக்குக்கோ அச்சு எண்ணெயில் காய்ந்திருக்க வேண்டும், மாவில் முக்கால்வாசிதான் முங்க வேண்டும். முழுக்க முங்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. இதெல்லாம் கையின் வேலை. இதற்கு மேலே தலையின் வேலை ஒன்று இருக்கிறது: எந்த வீட்டுக்கு எத்தனை தட்டு, அடுத்த தெருவில் மாட்டிறைச்சி தொடாதவர் யார், ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பிய வீட்டுக்கு நாம் என்ன அனுப்புகிறோம், நாத்தனார் கோபத்தை இந்த வருஷமாவது முடித்துக்கொள்வதா, மருமகளின் அம்மா வீட்டுக்கு யாரை அனுப்புவது.

இந்தத் தலையின் வேலைக்கு ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மிக்கேலா டி லியோனார்டோ என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1987இல் எழுதிய கட்டுரையில், கலிபோர்னியாவின் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களில் வாழ்த்து அட்டை அனுப்புவது, விருந்துக்கு அழைப்பது, விழாவை ஏற்பாடு செய்வது போன்றவை உறவைக் காக்கும் உழைப்பு என்று காட்டினார். அந்த உழைப்பு பெண்கள் கையில் இருக்கிறது, யாரும் அதை உழைப்பாக எண்ணுவதில்லை, பெண் இறந்தாலோ பிரிந்தாலோ அது அப்படியே நின்றுவிடுகிறது என்பது அவருடைய வாதம். நம் குடும்பங்களில் பாட்டி போன பிறகு உறவினர் வருகை எப்படி மெலிந்தது என்று பார்த்தால் இதற்கு வேறு சான்று தேவையில்லை. கையின் வேலையைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு தெளிவாகச் சொல்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு நாளில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். செய்கிற பெண் சராசரியாக 299 நிமிடம் செய்கிறார், செய்கிற ஆண் 97 நிமிடம். இது சாதாரண நாளின் கணக்கு. பண்டிகைக்காகக் கூடும் வேலையும் இதே தராசில்தான் ஏறுகிறது.

இதற்குச் சபையில் நாம் சொல்லும் பதில் மார்த்தாளின் கதை. இயேசு வீட்டுக்கு வந்தார், அவளுடைய சகோதரி மரியாள் காலடியில் உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் வேலையில் அலைந்து கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டாள், ஆகவே பெண்களே, பலகாரத்தில் மனம் சிதறாமல் ஜெபத்தில் தரித்திருங்கள் என்று பிரசங்கம் முடியும். அதைச் சொல்லிவிட்டுப் பிரசங்கியார் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார் என்பதை நான் இங்கே கேட்கவில்லை. லூக்கா எழுதியதைக் கவனமாகப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். வேலை அதிகம் என்று மார்த்தாள் முறையிடவில்லை. சகோதரி தன்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டாள் என்பதே அவளுடைய முறையீடு. பதிலில் கண்டிக்கப்படுவது அவளுடைய கவலையும் கலக்கமும், சமையல் வீண் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு இடத்தில், யோவான் சுவிசேஷத்தில், பெத்தானியா என்ற ஊரில் விருந்து நடக்கிறது, மார்த்தாள் மறுபடி பரிமாறுகிறாள், அங்கே யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சகோதரன் லாசரு இறந்தபோது, நீரே மெசியா என்று வெளிப்படையாக அறிக்கை செய்தவளும் இவளே. அறியாமைக்கும் அடுப்புக்கும் உதாரணமாக நாம் நிறுத்துகிற பெண் இவள். நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி, உடன் வந்த சீஷர்களில் ஒருவரும் ஏன் எழுந்து வரவில்லை என்பது. லூக்கா சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை.

இனி, எதிர்வாதங்கள். முதலாவது, இதெல்லாம் வணிகர்களால் வந்தது, கடைகள் ஆசையைத் தூண்டிவிட்டன, அதை விட்டுவிட்டால் நிம்மதி வரும் என்பது. இதில் பாதி உண்மை. துணிக்கடை விளம்பரமும் கைபேசியில் வரும் அலங்கரித்த வீடுகளின் படங்களும் போட்டி மனப்பான்மையை வளர்த்திருக்கின்றன. ஆனால் முந்திரிக்கொத்தும் வெள்ளையடிப்பும் அயலாருக்குத் தட்டு கொண்டுபோவதும் எந்தக் கடையும் கற்றுக்கொடுத்தவை அல்ல. கடைகளே இல்லாத தேரிக்காட்டு ஊர்களிலும் அந்த வேலை பெண்கள் மீதுதான் இருந்தது. வணிகத்தைக் குறைத்தால் செலவு குறையும். பங்கீடு அப்படியே இருக்கும்.

இரண்டாவது, தூய்மைவாதிகளின் வாதம்: பலகாரமும் அலங்காரமும் எதற்கு, இருதயத்தில் கிறிஸ்து பிறந்தால் போதாதா? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே ஒழித்து ஆணையிட்டது. அந்த டிசம்பரில் கேன்டர்பரி நகரில் கலவரம் வெடித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை, கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இரண்டு இடத்திலும் பண்டிகை திரும்பி வந்துவிட்டது, தடை போய்விட்டது. உடலோடு பிறந்த ஒருவரின் பிறப்பை உடலுக்கு ஒன்றும் தராமல் கொண்டாட மனிதர்கள் ஒப்புவதில்லை. அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு தொழுவத்தை அமைத்துக் காட்டியதும் இதை அறிந்துதான். நம் வீட்டுக் குடில்களுக்கு வழி திறந்தவர் அவர். ஆகவே வேலையை ஒழித்துவிடலாம் என்பது நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

மூன்றாவது வாதம் நடைமுறைக்காரர்களுடையது: எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிடலாமே? தாராளமாக வாங்கலாம். நாகர்கோவில் பக்கம் வீட்டில் பலகாரம் சுட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல விலை கிடைத்தால் அது வரவேற்க வேண்டிய விஷயம். வாங்கிவந்த முறுக்கில் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் கையின் வேலைதான் கடைக்குப் போகும். தலையின் வேலை வீட்டிலேயே, அதே ஒருவரிடமே தங்கிவிடும். எங்கே வாங்குவது, எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை எந்தக் கடையும் செய்து தராது.

நான்காவது வாதத்தை மதித்தே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெண்களே. "எங்களுக்கு அது பாரமில்லை, அதுதான் எங்கள் சந்தோஷம், அதையும் பறித்துவிடாதீர்கள்" என்கிறார்கள். உண்மை. அந்தச் சந்தோஷம் எதில் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் கிராமத்தில் பலகாரம் சுடுவது முறை வைத்து நடந்தது. இன்று இந்த வீடு என்றால் நாளை அந்த வீடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்து ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி எண்ணெய்ச் சட்டியில் நிற்க, ஊர்க்கதை எல்லாம் அலசி, நள்ளிரவில் டீ போட்டுக் குடித்து முடியும். உழைப்பு இன்றைவிட அதிகம், அம்மியும் உரலும்தான். ஆனால் தனிமை இல்லை. இன்று மிக்சியும் கிரைண்டரும் வந்து உழைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் அடுக்குமாடிக் கதவுகள் சாத்தப்பட்டு, கூட வேலை செய்யும் கைகளும் போய்விட்டன. பறிபோன சந்தோஷம் அந்தக் கூட்டம். அதைப் பற்றிப் பேசும்போது இந்தத் தாய்மார்கள் முறுக்கின் ருசியைவிட அந்த இரவுகளின் சிரிப்பைத்தான் அதிகம் சொல்வார்கள். மார்த்தாளின் முறையீடும் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடைசி வாதம் ஆண்கள் தரப்பிலிருந்து. "நாங்களும்தானே நட்சத்திரம் கட்டுகிறோம், குடில் போடுகிறோம், ராத்திரி முழுக்க கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம்?" செய்கிறார்கள், மறுக்கவில்லை. மூங்கில் பிளந்து வண்ணத்தாள் ஒட்டுவது நுட்பமான வேலை, பனியில் விடியும்வரை பாடிக்கொண்டு நடப்பதும் எளிதல்ல. ஆனால் இந்த வேலைகளுக்குப் பொதுவாக ஒரு குணம் இருக்கிறது: ஒருமுறை செய்தால் முடிந்துவிடும், ஊரார் கண்ணில் படும், கூட்டாகச் செய்யப்படும். பெண்களின் வேலை நேர்மாறு. தினமும் திரும்ப வரும், யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும், தனியாகச் செய்ய வேண்டும். விடியற்காலம் இரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்று பாடும் முப்பது பேருக்கு உள்ளே ஒருத்தி எழுந்து கடுங்காப்பி போடுகிறாள். பாட்டுக் குழுவின் பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை. சேகரத்தில், அதாவது நம் சபை வட்டாரத்தில், நட்சத்திரத்துக்குக் குழு, அலங்காரத்துக்குக் குழு, ஒலிபெருக்கிக்குக் குழு என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் அச்சிடுகிறார்கள். அடுப்படிக்குப் பட்டியல் கிடையாது.

ஆண்களுக்குச் சமையல் வராது என்ற பேச்சை மட்டும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடம் யாரும் சொல்லக்கூடாது. அசனம் என்றொரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊரும் அயலூரும் சேர்ந்து ஒரே பந்தலில் சாப்பிடும் அந்த நாளில், பல ஊர்களில் ஆட்டை உரிப்பதிலிருந்து சோறு வடிப்பது வரை ஆண்கள்தான். ஆள் உயர அடுப்பில் அண்டா ஏற்றி, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரமும் கழுவி வைக்கிறார்கள். காய் நறுக்க ஊரே உட்காருகிறது. அதில் யாருக்கும் மானம் போனதில்லை. அசனத்தில் சமைப்பது பெருமை, அது பொது வேலை, வீட்டில் சமைப்பது வேறு விஷயம் என்று சொல்வீர்களானால், அந்த வேறுபாட்டைத்தான் நான் இவ்வளவு நேரமும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை ஒன்றே. ஒன்றைக் கூட்டமாகச் செய்கிறோம், இன்னொன்றுக்கு ஒருத்தியை விட்டுவைத்திருக்கிறோம்.

ஆகவே, சேகரக் கமிட்டியில் இருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், அவர்களிடம் ஒரு கோரிக்கை. டிசம்பரில் நாம் வைக்கிற கூட்டங்களில், கொண்டாட்டங்களில், போட்டிகளில், ஒன்றிரண்டு மாலைகளை எடுத்துவிடுங்கள். அவற்றில் ஒரு மாலையைத் துக்க வீடுகளுக்குக் கொடுங்கள். ஒலிபெருக்கி இல்லாமல், வாழ்த்து அட்டை இல்லாமல், நாலு பேர் போய் அங்கே உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேசினால் கேட்டுவிட்டு வரட்டும். ஊதா நிறத்துக்கு வேறு என்ன பயன் இருக்கிறது? இன்னொரு மாலையில், கேரல் குழு பிரிப்பதைப் போலவே தெருத் தெருவாக ஆண்களையும் வாலிபரையும் பிரித்து, பலகாரம் சுடும் வீடுகளுக்கு அனுப்புங்கள். பாட வேண்டாம், கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் போதும். அத்தைமார்கள் முதலில் விடமாட்டார்கள், "நீங்க எல்லாம் இதுக்குள்ள வந்துட்டு" என்று விரட்டுவார்கள். மாவின் பதம் தெரியாதவன் அச்சை முழுக்க முக்கி, கழற்றத் தெரியாமல் எண்ணெயில் ஆட்டிக்கொண்டிருப்பான். முதல் வருஷம் பாதி கருகும், மீதி கோணலாக வரும். அதை எந்த வீட்டுத் தட்டில் வைத்து அனுப்புவது என்று கேட்டால், எங்கும் அனுப்ப வேண்டாம், சுட்டவர்களே சாப்பிடட்டும்.